பிள்ளையின் பலத்தை வளர்ப்பது எப்படி? ஆறு வயது முதல் பதினெட்டு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஹவாய்த் தீவுகளில் ஒன்று கவாய். கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த அந்தத் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு ஆரம்பமே சரியில்லை. வறுமை, சிக்கலான பிரசவம், ஓயாத வீட்டுச் சண்டை, குடிகார அப்பா, மனநோயோடு போராடும் அம்மா என்று ஒன்றன்மேல் ஒன்று. இப்படித் தொடங்கியவர்களில் மூன்றில் இரண்டு பேர் பிற்பாடு படிப்பிலோ நடத்தையிலோ தடுமாறினார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. மிச்சம் இருந்த ஒரு பங்கினர் திடமான, அடுத்தவர்மேல் அக்கறையுள்ள மனிதர்களாக வளர்ந்ததுதான் ஆய்வாளர்களை யோசிக்க வைத்தது.

அப்படி வளர்ந்தவர்கள் ஒன்றும் அபாரத் திறமைசாலிகள் இல்லை. கையில் இருந்த திறமையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெற்றோரோ பாட்டியோ அத்தையோ, யாரோ ஒருவர் அவர்களை எந்த நிபந்தனையும் போடாமல் நேசித்தார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மாதிரி, அவர்கள் செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று வீட்டில் இருந்தது. வீட்டுக்கு வெளியே ஓர் ஆசிரியரோ ஒரு குழுவோ ஒதுங்க இடம் கொடுத்தது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இருக்கும் சர்ச் இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனமும் 1990-களில் ஒரு பட்டியல் போட்டது. நல்ல வளர்ச்சிக்கு உதவும் 40 அம்சங்கள். பாதி வெளியிலிருந்து கிடைப்பவை, பாதி பிள்ளைக்குள் வளர்பவை. படிப்பில் ஆர்வம் அதில் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு. ரேங்க் இல்லை. நாற்பதையும் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதியது, நமக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை என்பதால், இங்கே நான் சொல்வது பெரும்பாலும் மற்ற மூன்றைப் பற்றி: பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள், பிள்ளையை நம்பி ஒரு வேலை, வீட்டுக்கு வெளியே ஓர் இடம்.

ஒரு எச்சரிக்கை. எல்லாப் படிகளையும் திங்கட்கிழமை காலையில் ஒன்றாகத் தொடங்கிவிடாதீர்கள். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று பிள்ளை பயந்துவிடும். ஒன்றை எடுத்து, அது வீட்டுப் பழக்கமாகப் படிந்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

முதல் படி: இரண்டு வாரம் சும்மா பாருங்கள்

ஒரு பழைய நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் திருத்தும் எண்ணம் இல்லாமல் இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள். யாரும் சொல்லாமலே எதைச் செய்கிறான்? எதைச் செய்யும்போது சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழுவதில்லை? மற்ற பிள்ளைகள் எதற்காக அவளைத் தேடி வருகிறார்கள்? மார்க், ரேங்க், கையெழுத்து மூன்றும் அந்த நோட்டில் வரக்கூடாது.

'நல்ல பையன்', 'சுறுசுறுப்பு' என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. 'தெரு கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று சண்டை வந்தபோது இரண்டு பக்கமும் பேசி ஆட்டத்தைத் திரும்பத் தொடங்க வைத்தான்' என்று எழுதுங்கள். 'வகுப்பில் யார் இரண்டு நாளாக வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது', 'பழைய ரிமோட்டைக் கழற்றினான், திரும்ப மாட்டத் தெரியவில்லை, ஆனால் ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தான்'. இதெல்லாம் பலம்தான். சமரசம் பேசத் தெரிவது, பிறரைக் கவனிப்பது, பொருளை ஒழுங்காக வைப்பது.

குறையென்று நாம் சொல்கிற சிலதும் இந்த நோட்டில் வேறு மாதிரி தெரியும். 'வாயாடி' என்று வீட்டில் பேர் வாங்கிய பெண் கடைக்காரரிடம் கணக்குத் தப்பு என்று தைரியமாகச் சொல்கிறவளாக இருக்கலாம். அதற்காகப் பிள்ளையின் ஒவ்வொரு சேட்டைக்கும் அழகான பேர் வைக்க வேண்டாம். அடிக்கிறவன் அடிக்கிறவன்தான்.

இந்த நோட்டை உறவினர் முன்னால் படித்துக் காட்டுவதும், 'உங்க பெரியப்பா பையனைப் பார்' என்று இதை வைத்தே ஒப்பிடுவதும் கூடாது.

இரண்டாம் படி: பெற்றோர் அல்லாத மூன்று பெரியவர்கள்

அந்த 40 அம்சங்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இது: பெற்றோரைத் தவிர குறைந்தது மூன்று பெரியவர்களின் ஆதரவு. கூட்டுக் குடும்பத்தில் இது கேட்காமலே கிடைத்தது. அப்பா திட்டினால் தாத்தா மடி இருந்தது. அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சித்தியிடம் சொல்லலாம். இன்று வேளச்சேரியிலோ சரவணம்பட்டியிலோ இரண்டு படுக்கையறை வீட்டில் வளரும் பிள்ளைக்கு அப்பா, அம்மா, டியூஷன் மிஸ், ஆட்டோ அண்ணன். அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது.

பிள்ளையையே கேளுங்கள்: 'எங்ககிட்ட சொல்ல முடியாத ஒரு பிரச்சினை வந்தா யார்கிட்ட சொல்லுவ?' பதில் வர நேரமானால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பாட்டியோடு வாராவாரம் ஒரு போன் பேச்சு ஏற்பாடு செய்யலாம். ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு 'நல்லா படிக்கிறேன்னு சொல்லு' என்று எடுத்துக்கொடுத்தால் அது பேச்சு இல்லை. போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்து போங்கள். பிள்ளைக்கு எதில் ஆர்வமோ அதே வேலை தெரிந்த பெரியவரிடம் பழக விடுங்கள்: சைக்கிள் பழுது பார்க்கிறவர், கிளை நூலகத்தின் நூலகர், தையல் தெரிந்த அத்தை, பள்ளியின் பி.இ.டி. சார். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது மார்க்கை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாமல், 'இவனிடம் நீங்கள் பார்த்த நல்ல விஷயம் ஒன்று சொல்லுங்கள்' என்று பையன் முன்னிலையிலேயே கேளுங்கள். சில ஆசிரியர்கள் திகைப்பார்கள், ஆனால் சொல்வார்கள். வெளியாள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு நம்முடைய பத்துக்கு மேல் எடை உண்டு.

பெரியவர்களோடு பழகவிடும்போது பாதுகாப்பையும் சேர்த்தே பேச வேண்டும். சந்திப்பு நாலு பேர் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். 'இது நம்ம ரெண்டு பேருக்குள்ள, அம்மாகிட்ட சொல்லாதே' என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும் என்பதை ஆறு வயதிலேயே சொல்லிக்கொடுங்கள். சொன்னால் திட்டு விழாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; பல பிள்ளைகள் வாயைத் திறக்காததற்கு அந்தப் பயம்தான் காரணம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. உறவினர், தெரிந்தவர் என்று பார்த்து மூடி மறைக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை.

மூன்றாம் படி: பொய் வேலை வேண்டாம், உண்மையான வேலை கொடுங்கள்

'உதவி பண்ணு' என்று சொல்லிவிட்டு, பிள்ளை செய்ததை நாமே மறுபடி செய்தால் அது பொய் வேலை. அவன் செய்யாவிட்டால் வீட்டில் ஏதாவது நின்றுபோக வேண்டும். அதுதான் உண்மையான வேலை.

ஆறு முதல் எட்டு வயதில், குடிக்கிற தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைப்பது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போதும். பாட்டில் நிரம்பவில்லை என்றால் எல்லாருக்கும் தாகம் எடுக்கட்டும், நீங்கள் போய் நிரப்பாதீர்கள். ஒன்பது முதல் பன்னிரண்டில் காய் நறுக்குவது, அரிசி களைந்து வைப்பது, கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவது.

பதின்மூன்றுக்கு மேல் கணக்கும் பொறுப்பும் சேரட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுங்கள். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் ஏறுகிறது. போன முறையைவிட இந்த முறை ஏன் கூடியது, எதைக் குறைக்கலாம் என்று அவள் கண்டுபிடித்துச் சொல்லட்டும். சொன்னதை வீடே கேட்டு நடக்க வேண்டும், அப்பா உட்பட. வாரத்தில் ஒரு வேளைச் சமையல் முழுக்க அவர்கள் பொறுப்பு. பையன்களுக்கும் இதேதான், இருபத்தைந்து வயதில் வெளியூரில் ஓட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் ஆண்பிள்ளைகளை நாம்தான் வளர்க்கிறோம். பதினாறு பதினேழு வயதில் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், டாக்டர் சொன்னதைக் கேட்டு, எந்த மாத்திரை எந்த வேளை என்று எழுதி ஒட்டும் வேலையைத் தரலாம். ரயில் டிக்கெட் முன்பதிவு, ரேஷன் கடை, வங்கிப் படிவம் எல்லாம் இந்த வயதுக்கு ஏற்றவை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் பேரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டு இயக்கலாம். தொடங்க 500 ரூபாய். வீட்டு வேலைக்குக் கூலியாக அதில் பணம் போட வேண்டாம்; தாகத்துக்குத் தண்ணீர் எடுத்துவைப்பதற்கு யாரும் சம்பளம் வாங்குவதில்லை. பொங்கல் காசு, மாமா கொடுத்த பரிசுப் பணம் போன்றவை அங்கே சேரட்டும்.

இதில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. மூத்த பெண் என்பதற்காகத் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு, சமைத்து, பாத்திரம் கழுவி, பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் மட்டம் போடுகிறவளுக்கு இந்தப் படி பொருந்தாது. படிப்பையும் விளையாட்டையும் தூக்கத்தையும் தின்றுவிடும் வேலை பிள்ளைக்குப் பலம் சேர்க்காது. அவளிடமிருந்து வேலையைக் குறைப்பதுதான் அந்த வீட்டின் முதல் படி.

நான்காம் படி: பாராட்டும் விதம்

1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். புதிர்களைச் சரியாகப் போட்டதும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். அப்புறம் வேண்டுமென்றே கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அடுத்த சுற்றில் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். வாங்கிய மார்க்கைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

அதனால் 'என் தங்கம், நீ ஜீனியஸ்டா' என்பதைக் குறைத்து, பார்த்ததைச் சொல்லுங்கள். 'அந்தக் கணக்கை மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்ட, பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.' 'தம்பி அழுதப்ப நீயா போய்ப் பக்கத்துல உட்கார்ந்த.' முதல் படியில் எழுதிய நோட்டு இங்கே கை கொடுக்கும். வெறும் உழைப்பை மட்டும் புகழ்ந்துகொண்டே இருப்பதும் போதாது. தப்பான வழியில் பாடுபடுகிற பிள்ளைக்கு 'வேற மாதிரி செஞ்சு பார்க்கலாமா?' என்ற கேள்விதான் உதவும்.

திட்டும்போது செயலைத் திட்டுங்கள். 'நீ எப்பவும் இப்படித்தான்' என்ற வாக்கியத்தை வீட்டைவிட்டே துரத்திவிடலாம்.

ஐந்தாம் படி: தூக்கம், செல்போன், வீட்டுச் சட்டம்

ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்று முதல் பதினெட்டுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் சொல்கிறார்கள். பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகிறது. அதனால் பதினைந்து வயதுப் பையன் பத்து மணிக்குத் தூக்கம் வராமல் புரள்வதும் காலையில் எழ முடியாமல் தவிப்பதும் முழுக்க அவன் தப்பு இல்லை. அவனை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்பி அனுப்புவதில் யாருக்கு லாபம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தூங்காத பிள்ளைக்கு எரிச்சலும் மறதியும் வரும். அதன்மேல் எந்தப் பலத்தை வளர்ப்பது?

போனுக்கு ஒரே ஒரு உறுதியான சட்டம் போதும்: இரவில் எல்லார் போனும் கூடத்தில் சார்ஜில் இருக்கும். 'எல்லார்' என்பதில் பெற்றோரும் அடக்கம். நீங்கள் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளையை மட்டும் தடுத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

தனியாகச் சட்டம் போடுவதைவிடச் சேர்ந்து போடுவது எளிது. ஐஸ்லாந்து இதைச் செய்து காட்டியது. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையாகும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். இரவில் பிள்ளைகள் தனியாக வெளியே சுற்ற நேர வரம்பு வைத்தார்கள். ஒரே பள்ளியின் பெற்றோர் கூடிப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். விளையாட்டு, இசை, கலை வகுப்புகளுக்கு நகராட்சி பணம் கொடுத்தது. 'எல்லா வீட்லயும் விடுறாங்க, நீங்க மட்டும்தான்' என்ற வாதம் அங்கே எடுபடாமல் போனது. நாமும் பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் நாலு பேரின் பெற்றோரோடு பேசி, போனுக்கும் வீடு திரும்பும் நேரத்துக்கும் ஒரே அளவு வைத்துக்கொள்ளலாம். பள்ளி வாட்ஸாப் குழுவில் குட் மார்னிங் படம் போடுவதற்குப் பதிலாக இதைப் பேசலாம்.

வயது ஏற ஏறப் பிடியைத் தளர்த்துங்கள். பத்து வயதில் சட்டம் உங்களுடையது. பதினான்கில் பேசி முடிவெடுப்பது. பதினேழில் அவள் முடிவெடுத்துவிட்டு உங்களுக்குச் சொல்வது, ஆபத்தான விஷயங்கள் தவிர.

ஆறாம் படி: பாடப் புத்தகத்துக்கு வெளியே ஓர் இடம்

வாரம் மூன்று மணி நேரமாவது இசை, நாடகம் மாதிரி ஒரு கலைக்கு என்று அந்த 40 பட்டியல் சொல்கிறது. விளையாட்டு தனி, ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பணம் அதிகம் இல்லாத வீட்டுக்கும் இடங்கள் உண்டு. அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டு, பரதம், ஓவியம் போன்றவை குறைந்த செலவில் கற்றுத்தருகிறார்கள். மாவட்ட மைய நூலகங்களில் சிறுவர் பகுதி இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் பிள்ளைகளுக்கான தளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே ஓடிவிடும். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சின்னக் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்ந்து அறிக்கை தருகிறார்கள். ஊர்க் குளத்தில் ஏன் மீன் சாகிறது என்று விசாரித்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த ஆளுமை வளர்ச்சி வகுப்பும் வேண்டாம்.

தேர்ந்தெடுப்பது பிள்ளை, விடாமல் போவது குறைந்தது ஆறு மாதம். நடுவில் சலிப்பு வரும், அதைத் தாண்ட வேண்டும். ஆறு மாதம் கழித்தும் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். அபாகஸ், கீபோர்டு, இந்தி, கராத்தே என்று நான்கையும் சேர்த்துப் பிள்ளையை வேனிலேயே வளர்க்க வேண்டாம். ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. பத்தாம் வகுப்பு வந்துவிட்டது என்று அந்த ஒன்றையும் நிறுத்திவிடாதீர்கள். நேரத்தைக் குறைக்கலாம். மனம் இறுகும் வருடத்தில் மூச்சுவிட இருந்த ஒரே இடத்தையும் அடைப்பது விவேகம் இல்லை.

ஏழாம் படி: விழும்போது

தேர்வில் தோற்பது, நட்பு முறிவது, அணியில் இடம் கிடைக்காமல் போவது. இவற்றிலிருந்து பிள்ளையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட முடியாது. சின்ன வயதில் சின்னத் தோல்விகள் நடக்கட்டும். மறந்துவிட்டுப் போன ஓவிய நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓட வேண்டாம். தோற்று வந்த அன்றைக்குப் பாடம் நடத்தவும் வேண்டாம். சாப்பாடு போட்டு, பக்கத்தில் இருங்கள். 'அடுத்து என்ன செய்யலாம்?' என்பது மறுநாள் கேள்வி.

பொதுத்தேர்வு முடிவு வரும் நாளுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள். என்ன மார்க் வந்தாலும் இந்த வீட்டில் அவன் இடம் மாறாது என்பதை முடிவு வருவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். தோற்றுவிட்டால் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வருகிறது. அதே ஆண்டு மேலே படிக்கலாம். உறவினர் போனை அன்று நீங்கள் எடுங்கள், பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். கவாய் ஆய்வில், பதின்ம வயதில் தடுமாறியவர்களிலும் பெரும்பாலோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிலைக்கு வந்துவிட்டார்கள். மேற்படிப்பு, வேலை, நல்ல துணை என்று இரண்டாவது வாய்ப்பு ஏதோ ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது.

சில வேளை இந்தப் படிகள் எதுவும் போதாது. இரண்டு வாரத்துக்கு மேலாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்ததையும் தொடாமல் இருந்தால், உடம்பில் காயம் செய்துகொண்டால், 'நான் இல்லாட்டி நல்லா இருக்கும்' என்ற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சொல்ல ஒரு வழி கிடைக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றை உடனே கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். நேரில் போக மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை போகும்போது பிள்ளை மருத்துவரிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள்.